ஒண்ணரை லட்சம் பட்ஜெட், என் காதுக்கு எந்த ஹெட்ஃபோன்? குழம்பிப் போயிருக்கேன்

சேலத்துக்காரன் (#1)

எல்லாருக்கும் வணக்கம், ரொம்ப நாளா சத்தமில்லாம படிச்சிட்டுப் போற ஆளு நான், இதான் முதல் இழை, தப்பிருந்தா பொறுத்துக்கங்க. இப்ப கைல இருக்கறது நாலு வருஷம் ஓடுன ஒரு மூடுன ஸ்டுடியோ மாடல், பேரு சொல்லல, சொன்னா அதுக்குன்னே தனியா ஒரு சண்டை வரும். சீட்டு எடுத்த காசு ஒண்ணரை லட்சம் இருக்கு, வாழ்க்கைல ஒரு தடவை நல்லதா வாங்கிடலாம்னு முடிவு பண்ணிட்டேன். லிஸ்ட்ல இருக்கறது சென்ஹைசர் ஹெச்டி 800 எஸ், ஹைஃபைமேன் ஆர்யா, ஆடீஸ் எல்சிடி-எக்ஸ், ஃபோக்கல் க்ளியர். ரெண்டு மாசமா ரிவ்யூ பார்த்துப் பார்த்து இப்ப எல்லாமே நல்லாருக்கு, எல்லாமே மட்டம்ங்கற நிலைமைக்கு வந்துட்டேன். ஊர்ல உக்காந்து கேட்டுப் பாக்க ஒரு கடை கிடையாது. எது வாங்கலாம்னு ஒரே வார்த்தைல சொல்லிடுங்க சாமிகளா.

பேஸ்முனியாண்டி (#2)

எல்சிடி-எக்ஸ். ஒரே வார்த்தை கேட்டீங்க சொல்லிட்டேன். டபுள் கிக் ட்ரம் அடிக்கும்போது ஒவ்வொரு அடியும் தனித்தனியா வந்து நெஞ்சுல விழும் ப்ரோ. நான் மெட்டல் மட்டும்தான் கேப்பேன், மூணு வருஷமாச்சு, வேற எதையும் திரும்பிப் பாக்கல.

சிங்கைமணி (#3)

ஹெச்டி 800 எஸ் தான். சிட்டி ஹால் பக்கத்துல அடெல்ஃபி பில்டிங்ல கடை கடையா ஏறி இறங்கி எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் சொல்றேன். சிம்பொனி போட்டா வயலின் வரிசை எங்க, பித்தளை வாத்தியம் எங்கன்னு கைய நீட்டிக் காட்டலாம். 56 மில்லிமீட்டர் ட்ரைவர (சத்தம் உண்டாக்கற பாகம்) காதுக்கு நேரா வைக்காம கொஞ்சம் முன்னாடி தள்ளி சாய்வா வெச்சிருக்கான், அந்த அகலம் அதுலருந்து வர்றது.

ரீங்காரம் (#4)

தம்பி, முனியாண்டி சொன்னதும் உண்மை, மணி சொன்னதும் உண்மை, ஆனா ரெண்டும் அவங்கவங்க காதுக்கு. நான் மூணு கேள்வி கேக்கறேன், யோசிச்சு பதில் போடுங்க.

போன வாரம் நீங்க நிஜமா கேட்ட பாட்டு என்ன? நல்லாருக்குன்னு ஊர் சொல்ற டெமோ ட்ராக் எல்லாம் வேண்டாம், வண்டில கேக்கறது, தூங்கப் போகும்போது கேக்கறது, அத சொல்லுங்க. ரெண்டாவது, இப்ப இருக்கற ஹெட்ஃபோன்ல எந்த எடத்துல மூஞ்ச சுளிக்கறீங்க? மூணாவது, எந்த ரூம்ல, எத்தன மணிக்கு, எவ்ளோ நேரம்?

சேலத்துக்காரன் (#5)

அக்கா நல்ல கேள்வி, இதுவரைக்கும் யாரும் கேக்கல. ஹிஸ்டரிய எடுத்துப் பாத்தேன், எனக்கே ஆச்சரியம். முக்காவாசி கர்நாடக சங்கீதம், அதுலயும் பழைய ரேடியோ கச்சேரி பதிவுங்க. எங்கப்பா கேசட்ல வெச்சிருந்தத மாத்தி வெச்சதும் நிறைய. அப்புறம் 80கள் சினிமாப் பாட்டு. மெட்டல் கேப்பேன்னு நெனச்சிட்டு இருந்தேன், ஆறு மாசமா ஒண்ணு கூட கேக்கல.

மூஞ்ச சுளிக்கறது "ஸ", "ஷ" வர்ற எடத்துல. "சரஸ்வதி"ன்னு பாடுனா ஊசி குத்தற மாதிரி இருக்கு. கேசட் இரைச்சல் வேற முன்னாடி வந்து நிக்குது. ரூம் மொட்டமாடிக்குக் கீழ, ராத்திரி 11 மணிக்கு மேல, பையன் தூங்கினப்புறம் ரெண்டு மணி நேரம். ஃபேன் 5ல ஓடும், வேற வழியில்ல, எங்க ஊரு வெயில் தெரியுமில்ல.

ரீங்காரம் (#6)

இப்ப பாருங்க, பாதி லிஸ்ட் தானா அடிபட்டுப் போச்சு. கொஞ்சம் நீளமா சொல்றேன்.

அந்தப் பழைய ரேடியோ பதிவெல்லாம் மோனோ. ரெண்டு காதுக்கும் ஒரே சத்தம்தான் போகுது, அதனால பாடறவங்களும் வயலினும் மிருதங்கமும் ஒரே எடத்துல, உங்க மண்டைக்கு நடுவுல உக்காந்திருப்பாங்க. எவ்ளோ பெரிய மேடை காட்டற ஹெட்ஃபோன் வாங்குனாலும் மோனோவுக்கு மேடை ஏது? மணிக்கு அவர் கேக்கற சிம்பொனில அந்த அகலம் நெஜமாவே பதிவாகி இருக்கு, கொடுத்த காசு வசூல். உங்க லைப்ரரில முக்காவாசிக்கு அது வெட்டி. ஹெச்டி 800 மொதல்ல 2009ல வந்தப்போ 6 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு இருந்துச்சு, அதாவது அங்க மட்டும் சத்தம் தூக்கல், எஸ் மாடல்ல உள்ள ஒரு அப்சார்பர் வெச்சு அத அடக்குனாங்க. ஆனாலும் வெளிச்சமான, கீச்சுச் சத்தம் தூக்கலான பக்கம்தான் நிக்கும், கேசட் இரைச்சல வாசல் வரைக்கும் வந்து வரவேற்கும்.

இப்ப "ஸ" குத்தற விஷயம். வாங்கறதுக்கு முன்னாடி ஒரு பைசா செலவில்லாம ஒரு வேலை பண்ணுங்க. லேப்டாப்ல ஈக்வலைசர் ஏபிஓன்னு ஒரு மென்பொருள் போடுங்க, சத்தத்துல வேணுங்கற பகுதிய மட்டும் ஏத்தலாம் எறக்கலாம், இலவசம்தான், அதுக்கு மேல பீஸ்னு ஒரு முகப்பு இருக்கு, அதையும் போட்டுட்டா நம்மள மாதிரி ஆளுங்களுக்கு சுலபம். வால்யூம நல்லா கம்மி பண்ணிட்டு ஒரு சைன் ஸ்வீப்ப, அதாவது விசில் மாதிரி ஏறிட்டே போற சத்தத்த, 4000 ஹெர்ட்ஸ்ல ஆரம்பிச்சு 10000 வரைக்கும் மெதுவா ஓட்டுங்க. எங்கயோ ஒரு எடத்துல சத்தம் சடார்னு எகிறும். அந்த நம்பர எழுதி வெச்சுக்கங்க. அங்க ஒரு குறுகலான ஃபில்டர் போட்டு 5 டெசிபல் எறக்குங்க, அப்புறம் "சரஸ்வதி"ய மறுபடி கேளுங்க.

ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க, எறக்குனா மொத்த சத்தமும் லேசா கம்மியாகும், கம்மியானா உயிரே போன மாதிரி தோணும், அது காது பண்ற ஏமாத்து. வால்யூம கொஞ்சம் ஏத்தி சமமாக்கிட்டுத்தான் ஒப்பிடணும். ஒரு டெசிபல் கூட இருந்தாலே "ஆஹா இதான் நல்லாருக்கு"ம்போம். கடைல டெமோ கேக்கும்போதும் இதே கதைதான், சத்தமா இருக்கறது ஜெயிச்சுடும்.

அடுத்து கீழ வாங்க. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ 3 டெசிபல் ஏத்துங்க, அப்புறம் 6 ஏத்துங்க, ஏத்தும்போது ப்ரீஆம்ப்ப (அதே மென்பொருள்ல மொத்த சத்தத்துக்கான ஸ்லைடர்) அதே அளவு எறக்கிடணும் இல்லன்னா கரகரன்னு உடையும். ரெண்டு வாரம் இப்படி விளையாடுங்க. எது உங்க கைக்குத் தானா நின்னுச்சோ அதான் உங்க ருசி. அதுக்கப்புறம் ஹெட்ஃபோன் தேடறது சட்டைக்கு அளவு எடுத்துட்டு கடைக்குப் போற மாதிரி.

பேஸ்முனியாண்டி (#7)

அக்கா சொல்றது சரி, ஆனா ஈக்யூ போட்டே எல்லாம் ஆயிடும்னா நாங்க எதுக்கு லட்சம் லட்சமா கொட்டறோம் 😅

ரீங்காரம் (#8)

எல்லாம் ஆகாது முனி. ஏத்தற எறக்கறதுதான் ஈக்யூ. ட்ரைவர் உடையாம எவ்ளோ தாங்கும், காதுல எப்படி உக்காரும், திறந்ததா மூடுனதா, எடை, இதெல்லாம் ஸ்லைடர்ல வராது. 40 ஹெர்ட்ஸ்ல 6 டெசிபல் ஏத்துனா உன் எல்சிடி-எக்ஸ் மாதிரி பிளேனர் (தட்டையான மெல்லிய படலம் அதிர்ற வகை) சிரிச்சிட்டே வாங்கிக்கும், திறந்த டைனமிக் (சாதா ஸ்பீக்கர் மாதிரி சுருள் வெச்ச வகை) பாதிக்கு மேல மூச்சு வாங்கும். உனக்கு அது வேணும். தம்பி கேக்கற மிருதங்கத்துல தொப்பியோட (இடது பக்கம்) "கும்" சுமார் 100 ஹெர்ட்ஸ் பக்கம், 30க்கு எறங்கற வேலையே இல்ல.

யாழ்டொரண்டோ (#9)

தம்பி, ஒருத்தரும் பாரத்தைப் பற்றிக் கதைக்கேல்லை, அதால நான் சொல்லுறன். எல்சிடி-எக்ஸ் 612 கிராம். நான் பாவிச்சது வேற கொம்பனி, ஆனா அதுவும் அரைக் கிலோவுக்குக் கிட்ட. முதல் கிழமை சரியான சந்தோசம், சத்தம் அந்தமாதிரி. மூண்டாம் கிழமை எண்டா ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு உச்சந்தலை நோகத் தொடங்கிட்டுது, பாட்டை விட்டிட்டு தலையைத்தான் தடவிக்கொண்டிருந்தன். வித்துப்போட்டு ஹெச்டி 600 எடுத்தனான், 260 கிராம், போட்டிருக்கிறதே தெரியாது. அந்த மாடல் 1997இல வந்தது, இண்டைக்கும் விக்கினம் எண்டா பாருங்கோவன். நீங்கள் ரெண்டு மணித்தியாலம் கேக்கிற ஆள், கழுத்தையும் காதோட சேர்த்துக் கணக்குப் பாருங்கோ.

பேஸ்முனியாண்டி (#10)

அண்ணே நான் அதப் போட்டுட்டே தூங்கிருக்கேன். கழுத்து நம்மூரு கழுத்து 💪

தங்ககேபிள் (#11)

யாருமே கேபிள் பத்தி பேசலையே. வெள்ளி கேபிள் மாத்துனா "ஸ" எல்லாம் வெண்ணெய் மாதிரி ஆயிடும். நான் 18 ஆயிரம் போட்டு மாத்துனேன், பர்ன்-இன்னுக்கு, அதாவது ஹெட்ஃபோன் பழகறதுக்கு, 200 மணி நேரம் ஓட விட்டேன், வேற ஹெட்ஃபோன் மாதிரி இருந்துச்சு.

வாட்டுவாத்தியார் (#12)

200 மணி நேரத்துல ஹெட்ஃபோன் மாறல சார், உங்க காது பழகிடுச்சு. பேட் (காதைச் சுத்தி இருக்கற மெத்தை) லேசா அமுங்கிருக்கும், அது மட்டும் உண்மையான மாற்றம், பேட் அமுங்குனா ட்ரைவர் காதுக்குக் கிட்ட வரும் சத்தம் மாறும். கேபிள்ல 18 ஆயிரம் போட்டதுக்கு மனசு ஏதாச்சும் திருப்பிக் கொடுக்கத்தானே செய்யும். சண்டைக்கு வரல, அவ்ளோதான்.

தம்பிக்கு ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) பத்தி சொல்றேன், ஏன்னா அடுத்து அங்கதான் காச விடுவீங்க. ஓம், அதாவது இம்பிடன்ஸ்ங்கற மின்தடை, ஜாஸ்தின்னா பெரிய ஆம்ப் வேணும்னு ஒரு பேச்சு இருக்கு, பாதி உண்மை. 300 ஓம் சென்ஹைசருக்கு வேண்டியது வோல்ட்டேஜ், கரண்ட் கொஞ்சமா போதும். ஓம் கம்மியான பிளேனர் சிலது அதுக்கு நேர் எதிர். ஹைஃபைமேன் சுஸ்வாரா 60 ஓம்தான், ஆனா சென்சிடிவிட்டி (குறிப்பிட்ட பவருக்கு எவ்ளோ சத்தம் வரும்ங்கறது) 83 டெசிபல். அத ஒரு மில்லிவாட்டுக்குன்னு எடுத்துக்கிட்டா 110 டெசிபல் வரைக்கும் பீக் போக அரை வாட் வேணும், அதாவது அந்த ஒரு மில்லிவாட்டப் போல 500 மடங்கு. ஓம் மட்டும் பார்த்து வாங்குனவன் அங்க மாட்டுவான். ஃபோக்கல் க்ளியர் 55 ஓம், 104 டெசிபல், போன்லயே கத்தும்.

இன்னொண்ணு, சென்ஹைசர் ஹெச்டி 600, 650 ரெண்டுக்கும் 100 ஹெர்ட்ஸ் பக்கம் இம்பிடன்ஸ் மலை மாதிரி ஏறும். அதனால அவுட்புட் இம்பிடன்ஸ் ஜாஸ்தி இருக்கற ட்யூப் ஆம்ப்ல போட்டா அந்த எடம் மட்டும் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். ட்யூப்போட இளஞ்சூடு அது இதுன்னு கவிதை எழுதறாங்களே, அதுல பெரும்பங்கு இந்த ஓம் விதிதான். பிளேனருக்கு இம்பிடன்ஸ் நேர்கோடு, அங்க அந்த ஜாலம் நடக்காது.

தங்ககேபிள் (#13)

காது இருக்கறவனுக்குக் கேக்கும் வாத்தியாரே.

வாட்டுவாத்தியார் (#14)

சரிங்க.

சிங்கைமணி (#15)

பேட் பத்தி வாத்தியார் சொன்னதும் ஞாபகம் வந்துச்சு. ஊர்லருந்து வர்றவங்களுக்கு நான் சொல்ற முதல் அறிவுரை, தலைல தேங்காண்ணெ வெச்சிட்டு ஹெட்ஃபோன் போடாதீங்க. எங்க மாமா ஒருத்தர் அப்படித்தான் ஒரு வருஷம் போட்டாரு, லெதர் பேட் பட்டாசுத் தோல் மாதிரி உரிஞ்சு காது பூரா கருப்புத் தூள். வெல்வெட் மாதிரி இருக்கற பேட் வேர்வைக்குப் பரவால்ல, ஆனா எண்ணெயும் பொடுகும் அதுல நல்லா குடியிருக்கும். மாத்து பேட் சுலபமா கெடைக்கற மாடலா பாருங்க.

ஹார்மன்தாசன் (#16)

ரெண்டு நிமிஷம் நானும். ஷான் ஓலிவ், டாட் வெல்டி ரெண்டு பேரும் ஹார்மன்ங்கற ஆடியோ கம்பெனில உக்காந்து நிறைய பேர கண்ண மூடிக் கேக்க வெச்சு, பேஸ்லருந்து கீச்சு வரைக்கும் எது எவ்ளோ சத்தமா இருக்கணும்னு ஒரு வளைவு கண்டுபிடிச்சிருக்காங்க, பெரும்பாலானவங்களுக்கு அதான் பிடிச்சிருக்கு. அதுக்கு அப்புறமும் ருசின்னு என்ன விவாதம்? அந்த வளைவுக்குக் கிட்ட இருக்கறத வாங்குங்க, முடிஞ்சுது.

ரீங்காரம் (#17)

தாசன், பெரும்பாலானவங்கன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அதே ஆய்வுல ஒரு கூட்டத்துக்கு பேஸ் இன்னும் வேணும்னு இருந்துச்சு, இன்னொரு கூட்டத்துக்கு கம்மி போதும்னு இருந்துச்சு. ஆரம்பிக்க நல்ல எடம், ஒத்துக்கறேன். ஹோட்டல் சாம்பார் எல்லாருக்கும் ஓகேதான், வீட்டுல நாம அதுல உப்பு போட்டுக்கறதில்லையா. அதுவும் இல்லாம நம்ம காது மடல் ஒவ்வொருத்தருக்கும் ஒரு மாதிரி, 5000க்கு மேல மெஷின் காதுல அளந்ததும் என் காதுல விழறதும் ஒண்ணா இருக்காது. அதுக்குத்தான் ஸ்வீப் ஓட்டச் சொன்னேன்.

சேலத்துக்காரன் (#18)

ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன், நடந்தத சொன்னா சிரிப்பீங்க.

அக்கா சொன்ன மாதிரி ஸ்வீப் ஓட்டுனேன், 8200 கிட்ட எகிறுச்சு. எறக்குனேன், "சரஸ்வதி" அமைதியாயிட்டா. கீழ 3 ஏத்துனது பிடிச்சுது, 6 ஏத்துனா தொப்பி பக்கத்து வீட்ல வாசிக்கற மாதிரி கொழகொழன்னு ஆச்சு. சரி, ருசி புரிஞ்சுடுச்சுன்னு கோயம்புத்தூர்ல ஒரு நண்பர் கிட்ட பழைய ஹெச்டி 650 விலைக்கு இருக்குன்னு பாக்கப் போனேன், சும்மா ஒப்பிடத்தான். என் மோனோ கச்சேரியப் போட்டேன். பாட்டு நடுவுல இல்ல, வலது பக்கமா சாஞ்சு நிக்குது. ஒரு விரக்கடை இருக்கும். நண்பர் போட்டுப் பாத்தாரு, அவருக்கு நட்ட நடுவுல. நான் போட்டா வலது. அவரு சிரிச்சிட்டே "திருப்பிப் போடு"ன்னாரு, எல்லும் ஆரும் மாத்தி மாட்டுனேன், அப்பவும் வலதுலயேதான் நிக்குது.

திருப்பிப் போட்டா சாய்மானமும் கூடவே திரும்புனா ஹெட்ஃபோன் கோளாறு, திரும்பலைன்னா காது கோளாறு. எனக்குத் திரும்பல.

மறுநாள் ஈஎன்டி டாக்டர் கிட்ட போனேன், இடது காதுல பாக்குக் கொட்டை சைசுக்கு அழுக்கு. நாலு வருஷமா என் ஹெட்ஃபோன திட்டிட்டு இருந்திருக்கேன். எடுத்துட்டு வெளிய வந்தா ஆஸ்பத்திரி வாசல்ல ஆட்டோ ஹார்ன் எல்லாம் ஹெச்டி 800 எஸ்ல கேக்கற மாதிரி இருந்துச்சு.

பேஸ்முனியாண்டி (#19)

😂😂😂 வாழ்க்கைலயே மலிவான அப்கிரேட். லட்சம் ரூவா மிச்சம் தல

வாட்டுவாத்தியார் (#20)

பழசு வாங்கறவங்க எல்லாரும் இந்த மோனோ சோதனைய எழுதி வெச்சுக்கங்க. கூடவே வால்யூம் குமிழ ரொம்பக் கம்மில வெச்சும் ஒரு தடவை கேக்கணும், சில ஆம்ப்கள்ல அந்த அடி எடத்துல ஒரு பக்கம் கம்மியா வரும், அத ஹெட்ஃபோன் மேல பழி போடக்கூடாது. அழுக்க நீங்களா பட்ஸ் விட்டு நோண்டாதீங்க, உள்ளதான் தள்ளும்.

ரீங்காரம் (#21)

தம்பி, இப்ப ஸ்லைடர் எல்லாம் மறுபடி போடணுமே!

சேலத்துக்காரன் (#22)

போட்டாச்சு அக்கா. பழைய 5 பத்தல, இப்ப 7 எறக்க வேண்டியிருக்கு, இடது காதுக்கு நாலு வருஷமா கேக்காத "ஸ" எல்லாம் வட்டியோட வருது. கீழ ஏத்துன 3 அப்படியே இருக்கு.

அப்புறம் சென்னைல ரெண்டு நண்பர்கள் வீட்ல ஆர்யாவும் எல்சிடி-எக்ஸும் கேட்டேன். ஆர்யா பெரிய வாசல் திறந்த மாதிரி, 80கள் பாட்டுல இடதுல ஒரு கிட்டார், வலதுல வயலின் கூட்டம்னு அழகா பிரிஞ்சுது, ஆனா "ஸ" கொஞ்சம் எட்டிப் பாக்குது. எல்சிடி-எக்ஸ்ல தொப்பி கேட்டப்போ முனியாண்டிய மனசார கும்பிட்டேன், தோல் அதிர்றது தெரியுது ப்ரோ. ஆனா பாடறவங்க கொஞ்சம் பின்னாடி போயிட்ட மாதிரி இருந்துச்சு, நாப்பது நிமிஷத்துல யாழ் அண்ணன் சொன்ன உச்சந்தலையும் ஞாபகம் வந்துச்சு. க்ளியர் கேக்க வாய்ப்பு கெடைக்கல.

திரும்பி வந்து கோயம்புத்தூர் 650யே எடுத்துட்டேன். அதுல கச்சேரி போட்டா பாடறவங்க ரெண்டடி முன்னாடி வந்து உக்காந்துடறாங்க. கேசட் இரைச்சல் இருக்கு, ஆனா பாயில உக்காந்திருக்கு, முன்னாடி வந்து நிக்கல.

சிங்கைமணி (#23)

ஒண்ணரை லட்சம் வெச்சுக்கிட்டு 2003 மாடல் பழசு வாங்கிருக்கீங்க. நான் இருந்தா செய்ய மாட்டேன், வெளிப்படையா சொல்றேன். நாளைக்கு நல்ல ஸ்டீரியோ பதிவு கேக்க ஆரம்பிச்சீங்கன்னா மூணு துண்டா நிக்கும், இடது, நடு, வலது. அப்ப என்ன ஞாபகப்படுத்திக்கங்க.

சேலத்துக்காரன் (#24)

ஒத்துக்கறேன் மணி அண்ணே, 80கள் பாட்டுல அது தெரியுது. ஆர்யா ஞாபகம் இன்னும் போகல, மீதிக் காசு பேங்க்லயே கெடக்கட்டும்.

யாழ்டொரண்டோ (#25)

நல்ல முடிவு தம்பி. ஆம்ப் என்ன எடுத்தனீங்கள்?

சேலத்துக்காரன் (#26)

ஆர்டர் போட்டிருக்கேன், வாத்தியார் கிட்ட தனியா கேட்டு ஒரு சின்ன சாலிட் ஸ்டேட் (ட்யூப் இல்லாதது), இன்னும் வரல. அதுவரைக்கும் போன்ல டாங்கிள் (ஹெட்ஃபோன் மாட்டற குட்டி அடாப்டர்) வெச்சு ஓட்டறேன், வால்யூம் முக்கால் தாண்டுது ஆனா எனக்குப் போதுது. திறந்த மாடல்ங்கறதால ஃபேன் சத்தம் அப்படியே உள்ள வருது, அது மட்டும்தான் தொல்லை.

நேத்து ராத்திரி ஒரு மணி இருக்கும், அப்பாவோட கேசட்லருந்து மாத்துன ஒரு கச்சேரி ஓடுது, ஆலாபனை. திடீர்னு கரண்ட் போச்சு. ஃபேன் மெதுவா சுத்திச் சுத்தி நின்னுது. நின்னதும் பாடறவங்களுக்குப் பின்னாடி தம்புரா! சின்ன வயசுலருந்து கேக்கற பதிவு, அதுல தம்புரா அவ்ளோ தெளிவா இருக்குன்னே எனக்குத் தெரியாது. ஒவ்வொரு தந்தியா மீட்டறது கேக்குது. வேர்வை ஊத்துது, அப்படியே உக்காந்திருந்தேன். பத்து நிமிஷத்துல கரண்ட் வந்துச்சு, ஃபேன் சுத்துச்சு, தம்புரா போயிடுச்சு.

சத்தமே வராத சீலிங் ஃபேன் யாராச்சும் வெச்சிருக்கீங்களா? பட்ஜெட் இருக்கு.

ரீங்காரம் (#27)

அதுக்குத் தனி இழை போடுங்க தம்பி, நானும் ரொம்ப நாளா தேடறேன்.

பேஸ்முனியாண்டி (#28)

கழட்டித் துடைச்சு எண்ணெ விட்டுப் பாருங்க மொதல்ல. ஃபேனுக்கு, தலைக்கில்ல.